கறுப்பு மையில் ஏரி

காலை பத்து நாற்பதுக்கு நகராட்சி எழுத்தர் டார்லீன் ஹெக்டர் கேட்டிருந்த வரைபடத்தை அவரிடம் கொடுத்தாள். ஏரிக்கரையில் விடுதி வருகிறது. அங்கே அவர் தனியாக வாழும் வீடு தப்புமா என்று அறியத்தான் மனுப் போட்டிருந்தார். தொழில் ரகசியம் என்று விடுதி கட்டும் நிறுவனம் சொன்னதால் வரைபடம் முழுக்கக் கறுப்பு மை.

“வெளிச்சத்துல பிடிச்சாலும் தெரியாது. மையடிச்சு, அதை நகலெடுத்துத்தான் குடுத்திருக்கேன்.”

“உன் கெட்டிக்காரத்தனம் ஊருக்கே தெரியும்மா,” என்று அவர் தாளை ஜன்னலில் பிடித்தார்.

கறுப்பு மெல்ல அலையடித்தது. அதில் நட்சத்திரங்கள் மிதந்தன. கரையெங்கும் விடுதியின் விளக்குகள். நடுவே சிறிய மஞ்சள் ஜன்னல் ஒன்று. அதிலிருந்து யாரோ கையசைத்தார்கள். டார்லீன் எழுந்து வந்து மூச்சுவிடாமல் பார்த்தாள்.

ஹெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

“என் வீடு நிக்குது, டார்லீன். உள்ள இருக்கிறது யாரு?”