எதிர் வீட்டு விளக்கு

“அந்த லைட்ட மட்டும் ராத்திரில அணைச்சுடுங்கக்கா. உங்க கால்ல வேணா வுழறேன்.”

ரேணுகாதேவி கேட்டேவிட்டாள். கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

காந்தா சாமை புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவள் வீட்டு வாசலுக்கு மேலே அந்த ஃபோகஸ் லைட், எதிரே ரேணுகா வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. பொழுது சாய்ந்தால் எரியும். விடிந்தால்தான் அணையும்.

“எங்க வூட்டுக்காரரு சரியா தூங்கியே மாசக்கணக்குல ஆவுது. போளூர் டாக்டர் இன்னா சொன்னாரு தெரியுமா? ராத்திரி பூரா வெளிச்சம் மூஞ்சில அடிச்சா தூக்கம் கெட்டு, மறதி வந்து, மனசும் கெட்டுடுமாம். பைக் சாவிய அரிசிப் பானைல போட்டுட்டு ஊரெல்லாம் தேடறாரு. பெத்த பொண்ணு பூஜாவையே ‘வெற்றி’ன்னு கூப்புடறாரு.”

காந்தா சட்டென்று நிமிர்ந்தாள்.

வெற்றிவேல் அவளுடைய ஒரே மகன். ரேணுகாவின் கணவன் கலையரசன் ஓட்டிய லோடு வேனில் கிளீனராகப் போனவன். மலைப்பாதை வளைவில் பிரேக் பிடிக்காமல் வேன் கவிழ்ந்தது. கலையரசன் பிழைத்தான், பையன் பிழைக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் விளக்கை அணை என்று கேட்க யாருக்குத்தான் வாய் வரும்? ரேணுகாவுக்கு வேறு வழியில்லை.

“ஜன்னல்ல துணி கட்டிப் பாக்கறதுதானே?” என்றாள் காந்தா.

“கட்டுனேன்க்கா. புழுக்கமா இருக்குதுன்னு அவுத்துப் போட்டுட்றாரு. இந்த மலைக்குளிர்ல புழுக்கமாம்! நீங்க புள்ள நெனப்புல எரிய வுடறீங்க, எனக்குப் புரியுது. ஆனா இருக்கற மனுஷனும் போய்டுவாரோன்னு பயமா இருக்குதுக்கா.”

ரேணுகா அழுதாள். காந்தாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் இன்னா அணைக்காமயா இருக்கேன்? நாலஞ்சு வாட்டி அணைச்சுட்டேன். சுவிட்சு வாசல்லதானே இருக்குது, வந்து போட்டுட்டுப் போய்ட்றாரு.”

“யாருக்கா?”

“உன் வூட்டுக்காரருதான். நீ அம்மா வூட்டுக்குப் போனப்போ இத வாங்கினு வந்து மாட்டனதே அவருதான் ரேணுகா. ‘அன்னிக்கு பிரேக் போவலக்கா, நான்தான் கண்ணசந்துட்டேன். இனிமே எனக்குத் தூக்கமே வரக் கூடாது’ன்னு இதே வாசல்ல உக்காந்து அழுதாரு.”