அறுபத்தேழு வசவுகள்

“அவனை விடுதியை விட்டுத் துரத்துற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன் ஐயா” என்று எக்காம்பி நோட்டை மேசைமேல் வைத்தான்.

வார்டன் சிதிபே கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். நோட்டில் அறுபத்தேழு வசவுகள் தேதி வாரியாக இருந்தன. எல்லாம் ஒரே ஆள் திட்டியவை. அறைத் தோழன் ஜுமானா கோனே.

எக்காம்பி கேமரூனிலிருந்து பமாக்கோவுக்குப் பொறியியல் படிக்கத் தனியாக வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வெளிநாடு போனால் பக்குவம் வரும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். வந்துவிட்டது. ஊரில் என்றால் முதல் வசவுக்கே மூக்கை உடைத்திருப்பான். இங்கே வாயே திறக்காமல், பழிவாங்கும் நாளுக்காகத் தேதி போட்டு எழுதிக்கொண்டு வந்தான்.

ஆரம்பித்தது முதல் நாள். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் திராவோரே அம்மாளுக்கு அவன் பெயர் வாயில் நுழையவில்லை. “எக்காம்பியாவது ஒண்ணாவது. என் குடும்பப் பேரையே வெச்சுக்கோ. இனிமே நீயும் திராவோரேதான்” என்று தட்டில் இன்னொரு மீனை வைத்தாள்.

அவன் நெகிழ்ந்து முடிப்பதற்குள் வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“திராவோரேவா? அதானே பார்த்தேன். காராமணி தின்னின்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு. சன்னலையெல்லாம் திறந்து வைங்கப்பா.”

கூடமே சிரித்தது. ஜுமானாவின் கணக்கில் அது முதல் வசவு. எக்காம்பிக்குக் காராமணி என்றால் உயிர். அன்றோடு அதைத் தொடுவதையே விட்டான்.

வார்டன் வாய்விட்டுப் படித்தார். “பன்னெண்டாவது. ‘தன் துணியோடு என் துணியையும் துவைத்துப் போட்டுவிட்டு, காராமணி மூட்டைக்குச் சட்டை ஒரு கேடா என்று கேட்டான்.’”

“திமிரைப் பாருங்க.”

“முப்பத்தொண்ணு. ‘மலேரியாவில் கிடந்த என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வழியெல்லாம் என் எடையைப் பற்றிப் பேசி மானத்தை வாங்கினான்.’”

“நர்சு முன்னாடியும் சொன்னான் ஐயா. அவங்களும் சிரிச்சாங்க.”

வார்டனின் தோள்கள் குலுங்கின. கோபத்தில்தான் என்று எக்காம்பி திருப்தியடைந்தான். சாயங்காலத்துக்குள் ஜுமானா மூட்டை முடிச்சோடு தெருவில் நிற்பான். அதை வாசலில் நின்று பார்க்க வேண்டும். அப்போதும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

வார்டன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “ஏன் தம்பி, பேரு வெச்ச திராவோரே அம்மா மிச்சத்தைச் சொல்லலையா?”

“என்ன மிச்சம்?”

“கோனே குடும்பமும் திராவோரே குடும்பமும் பரம்பரையா முறைக்காரங்க. பார்த்த இடத்துல ஒருத்தரை ஒருத்தர் வையணும். காராமணி தின்னிங்கிறது எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்து வசவு. அது உன்னைத் திட்டுறதில்ல, உன்னைச் சேர்த்துக்கிறது.”

எக்காம்பியின் தலைக்குள் அறுபத்தேழு வசவுகளும் ஒருமுறை ஊர்வலம் போய் வந்தன. ஆனாலும் மூன்று மாதம் ஊட்டி வளர்த்த வன்மத்தை ஒரே நிமிடத்தில் கீழே இறக்கிவைக்க மனம் வரவில்லை.

“முறைக்காரனாவே இருக்கட்டும் ஐயா. வேற அறைக்குப் போகட்டும்.”

“போறேன்னுதான் நேத்தே எழுதிக் குடுத்துட்டான்.” வார்டன் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “உன் மேல புகார். ‘திராவோரே என்னை ஒரு மனுஷனாவே மதிக்கலை. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டேன். இனிமே அவன்கூட இருக்க முடியாது’ன்னு. தாளைக் குடுக்கும்போது அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.”

“என் மேலயா?” எக்காம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “மூணு மாசத்துல நான் அவனை ஒரு வார்த்தை வைஞ்சதில்லையே ஐயா.”

“அதைத்தான் தம்பி எழுதியிருக்கான்.”