டேக்: புதியவர்களுக்கு

"பிரபா, சேர்த்துட்டாங்கடீ! ஆப்ல நான் எழுதின கோடைச் சேர்த்துட்டாங்க!"

கதவைத் தட்டக்கூட விடாமல் பிரபாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள் சுலோசனா. லேப்டாப்பில் ஒரு பச்சைக் குறி. பக்கத்தில் அவள் பெயர்.

சாஃப்ட்வேர் வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. திரும்பச் சேரலாம் என்று போன இரண்டு இன்டர்வியூவிலும் ஒரே கேள்வி: "சமீபத்துல என்ன பண்ணினீங்க?" காட்ட ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை மூன்றாவது இன்டர்வியூ.

"நான் சொன்ன பஸ் ஆப்பா?" என்றாள் பிரபா.

"அதேதான்!"

பஸ் எப்போது வரும் என்று சொல்கிற ஆப். பிரபா மாதிரி பத்துப் பேர் சும்மா ஆர்வத்தில் சேர்ந்து எழுதுவது. அதன் கோடெல்லாம் இருக்கிற ரெப்போவை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். பாக்கி வேலைகளின் பட்டியலில் ஒன்றே ஒன்றில் மட்டும் 'புதியவர்களுக்கு' என்று ஒரு டேக், அடையாளக் குறிப்பு, போட்டிருந்தது.

"பஸ் போனப்புறமும் 'மைனஸ் நாலு நிமிஷத்தில் வரும்'னு காட்டுமே, அந்தத் தப்பா?"

"ஆமாம். விளக்கம் எப்படி எழுதியிருக்கார் தெரியுமா? எந்த ஃபைல், எந்த வரி, இப்போ என்ன காட்டறது, என்ன காட்டணும், திருத்தினப்புறம் அலிப்பூர்லேர்ந்து ஜாதவ்பூருக்குத் தேடி எப்படிச் சரிபார்க்கறது... ஒண்ணு விடலை. எனக்கு எங்கேயுமே முழிக்க வேண்டி வரலை!"

பிரபா சிரித்தாள். "எழுதினது ஸ்ரீநாத். ரெப்போவைப் பார்த்துக்கறவர். மகா சோம்பேறி! மூணு வாரமா அதைத் திருத்தாம வெச்சிருந்தார். விளக்கம் எழுதுவார், டேக் ஒட்டுவார், அவ்வளவுதான்."

சுலோசனா எண்ணிப் பார்த்தாள். விளக்கம் முப்பத்திரண்டு வரி. அவள் மாற்றியது மூன்றே வரி.

"அட, ஆமாம்! இதை எழுதற நேரத்துல திருத்தியே இருக்கலாமே!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வியாழக்கிழமை அதே கேள்வி வந்தது. இந்தத் தடவை சுலோசனா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். எதிரே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் முக்கால் மணி நேரம் அதைப் பற்றித்தான் பேச்சு.

வெள்ளிக்கிழமை மெயில் வந்துவிட்டது. ஒன்றாம் தேதி சேரலாம்!

ஞாயிற்றுக்கிழமை ஜாதவ்பூரில் ஒரு டீக்கடையில் பஸ் ஆப் குழு கூடியது. கை நிறைய வங்காளத்து இனிப்பான சந்தேஷ் வாங்கிக்கொண்டு போனாள். எல்லோரும் கை குலுக்கினார்கள். அந்த உற்சாகத்தில், ஓரமாக மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஸ்ரீநாத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"சார், ஒரு சந்தேகம். மூணு வரி திருத்தறதுக்கு சோம்பல் பட்டுண்டு முப்பத்திரண்டு வரி எழுதினவர் உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தானா?"

கடையே சிரித்தது. ஸ்ரீநாத்தும் சிரித்தார்.

"சோம்பேறிதான் மேடம், என்ன பண்றது?" ஒரு சந்தேஷை எடுத்துக்கொண்டார். "இனிமே விளக்கம் எழுத, டேக் போட உங்களுக்கும் அனுமதி கொடுத்திருக்கேன். எனக்கு அந்த வேலையும் மிச்சம்."

பவானிபூருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. புது அனுமதி கிடைத்த ஆசையில், போனில் ரெப்போவை ஒவ்வொரு மூலையாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அனுப்பியவர்களே திரும்ப எடுத்துக்கொண்ட திருத்தங்கள் என்று ஒரு பட்டியல். யாரும் எட்டிப் பார்க்காத இடம்.

அதில் மைனஸ் நிமிஷத் திருத்தம் ஒன்று இருந்தது. அவள் எழுதிய அதே மூன்று வரி. தேதி, தப்பைக் கண்டுபிடித்த அன்றைக்கே. பெயர், ஸ்ரீநாத்.

கீழே அவர் குறிப்பு:

'திருத்திவிட்டேன், பத்து நிமிஷ வேலை. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யாராவது புதிதாக, பயந்துகொண்டே வருவார்கள். அவர்கள் பெயரில் இது இருக்கட்டும்.'