ஐந்தாவது மயில்

சண்டிலிப்பாயில் தனியாக வசிக்கும் அம்பலவாணரின் தோட்டத்தில் மயில் பிடிக்க, விலங்குச் சரணாலயத்து வாகனம் ஐந்தாவது வாரமாக வந்து நின்றது. அயல் முழுக்க வேலியோடு ஒட்டிக்கொண்டது. அயலுக்கு வேறென்ன வேலை?

"பாருங்கோ பிள்ளை, பயித்தங்காய் முழுக்க நாசம். உந்த மயிலைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. அதுக்கு முதல் ஒரு தேத்தண்ணி குடியுங்கோ, வடையும் இருக்கு."

அயலுக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தறியாத மனிதர், சரணாலயத்து உதயகலாவுக்கு மட்டும் சுடச்சுட வடை வாங்கி வைத்திருந்தார். கதைக்கத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் போய்விடும். அதுவரை மயில் கொய்யா மரத்தடியில் பொறுமையாக நிற்கும்.

அன்று உதயகலா வடையைத் தொடவில்லை. நேரே போய் மயிலைத் தூக்கி, அதன் காலைப் பார்த்தாள்.

"ஐயா, இந்தப் பச்சை வளையம் போன கிழமை சந்தேகத்திலை நான் போட்டுவிட்டது. நாங்கள் பிடிச்சுக்கொண்டு போன அதே மயில்தான்."

"திரும்பிப் பறந்து வந்திருக்கும்."

"ஓட்டோவிலையோ பறந்து வந்தது? அஞ்சு தரமும் கச்சான் கடலையைக் காட்டிச் சாக்கிலை போட்டுக்கொண்டு போனது நீங்கள்தான் எண்டு எங்கடை காவலாளி சொல்லிப்போட்டார்."

வேலிக்கு அப்பால் ஒரே சிரிப்பு. அம்பலவாணர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அவரைப் பார்க்க உதயகலாவுக்குக் கோபம் போய்விட்டது.

"இனி மயிலை அலைக்கழிக்காதேங்கோ ஐயா. சும்மா போன் எடுங்கோ, நாங்கள் வாறம்."

"ஓம் பிள்ளை," என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "ஆனால், என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுறது?"