வழியில் விழுந்த வார்த்தை

வீட்டுப் பேச்சையும் ஒட்டுக்கேட்கும் காலம் அது. அதனால் கணவன் மனைவி பேச்சுகூட விபிஎன் என்ற ரகசிய இணைப்பு ஆப் வழியாக மூன்று நாடுகளைச் சுற்றித்தான் எதிரிலிருப்பவர் காதுக்கு வந்தது.

அந்த ஆப்பின் உதவி மையத்தில் இருந்த ரெஜினாவுக்கு அன்றைய புகார் புதுமையாக இருந்தது.

“மேடம், காலையில என் வொய்ஃப் கிளம்பும்போது ‘போறேன்’னு மட்டும் கேட்டுச்சு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது அப்படிச் சொல்வாங்களா? ‘போயிட்டு வரேன்’னுதான் சொல்லியிருப்பா. உங்க ரூட்லதான் வார்த்தை விழுந்துடுச்சு,” என்றார் இளம்பரிதி.

எந்த ஊரில் விழுந்திருக்கும்? ரெஜினா ஆவலோடு ஓஸ்லோ, நைரோபி, சிங்கப்பூர் என்று ஒவ்வொரு சர்வராகப் பின்னோக்கித் தேடினாள். ஓர் எழுத்துகூட விழவில்லை. அந்தம்மா வாயிலிருந்து புறப்பட்டதே ‘போறேன்’தான்.

“கிடைச்சுதா மேடம்?”

“சார்... ஆப்பை மூடிட்டு, அவங்க பீரோவைத் திறந்து பாருங்க.”