மாமாவின் குறட்டை

கறி அடிப்பிடித்துவிட்டது.

மூடியைத் திறப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கூடத்தில் இருந்தவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. சமையலறைக் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினேன்.

கிண்டக் கூடாது. கிண்டினால் கருகல் வாசனை மொத்தத்துக்கும் ஏறிவிடும். நான் வேலை பார்க்கிற கேன்டீனில் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. மேலாக இருந்த கறியையும் உருளைக்கிழங்கையும் மெதுவாக அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். மீதி அடியில் கரியாக ஒட்டிக்கொண்டு நின்றது. சரிபாதி போச்சு.

பானையைத் தொட்டியில் போட்டு, மேலே ஒரு ஈரத் துணியை விரித்தேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்பா என்னோடு நேராகப் பேசுவதில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் எனக்குச் சொல்லுவார். காலையில் விடுமுறைக்கு மாமா குடும்பம் வந்து இறங்கியதும், அவர்கள் முன்னாலேயே சொன்னார்.

"உன் பிள்ளை இன்னைக்குத் தனியா சமைச்சு, வந்தவங்க வயித்தை நிரப்பட்டும். அப்புறம் அவன் கேன்டீனுக்கே போகட்டும், நான் வாயைத் திறக்கல. ஏதாவது குளறுபடி ஆச்சு, திங்கக்கிழமை பள்ளிக்கூடம்."

"சரின்னு சொல்லும்மா" என்றேன், நானும் அம்மாவைப் பார்த்தே.

கதவு திறந்தது. மாமா.

அம்மாவுக்கு அண்ணன். லாரி ஓட்டுகிறவர். நின்றால் வாசல் அடைபடும். எங்கள் வீட்டில் அவருக்கு 'அண்டா' என்று பெயர். அவருக்குப் போட்டு மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு என்பார் அப்பா.

"என்ன மாப்ளே, வாசனை ஆளை இழுக்குது."

பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். ஆவி அவர் முகத்தை மறைத்தது. ஒரு விரலால் தொட்டு நக்கினார். தட்டு வரும்வரை பொறுக்க மாட்டாரா இந்த மனுஷன்?

விரலைத் துடைக்கத் தொட்டியிலிருந்த துணியை எடுத்தார். கருகிய பானை அப்படியே வெளியே தெரிந்தது. துடைத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே போட்டார்.

"கண்ணைச் சுத்துதுடா. கொஞ்சம் சாயறேன்" என்று பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். போய்விட்டார்.

நான் பாத்திரத்தைக் கூடத்துக்குத் தூக்கி வந்தபோது சோபாவில் கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே மழை. பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். கறியின் ஆவி போய்ச் சன்னல் கண்ணாடியில் படிந்தது. மாமாவின் சின்ன மகள் அதில் விரலால் மீன் வரைந்தாள். வரைந்த மீன் வாலிலிருந்து கரைந்து கீழே வழிந்தது. குறட்டை படகு மாதிரி ஏறி இறங்கியது. அதற்குப் பயந்து எல்லோரும் மெல்லவே பேசினார்கள். வீடே தண்ணீருக்கடியில் உட்கார்ந்து சாப்பிடுவது போல இருந்தது.

"சாப்பாட்டு நேரத்துல உன் அண்ணன் தூங்கி இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் அப்பா.

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி வண்டியை எடுத்தாருண்ணா. பாவம், அலுப்பு" என்றாள் அத்தை, குரலை இன்னும் தணித்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து நின்றது நான். கையைச் சுட்டுக்கொண்டது நான். அலுப்பு அவருக்கு. தூங்கட்டும் என்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் எழுந்து உட்கார்ந்தால் நான் தீர்ந்தேன்.

கரண்டியை முக்காலுக்கு மேல் நிரப்பாமல் பரிமாறினேன். ரொட்டியால் தட்டைத் துடைத்தார்கள். சின்னவள் கையில் சன்னல் ஈரத்தோடு வந்து, எலும்பை உறிஞ்சியபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுடா."

அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் காலடியில் தரை இல்லாதது போல இருந்தது. போட்டேன். பாத்திரத்தில் ஒரு கரண்டி மிச்சம்.

"மாமாவை எழுப்புடா, நேரமாச்சு" என்றாள் அம்மா.

"எழுப்பு எழுப்பு. அண்டா வந்தாத்தான் பாத்திரம் கழுவின மாதிரி ஆகும்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் தட்டைப் பார்த்தாள்.

போய் மாமாவின் தோளைத் தொட்டேன். குறட்டை அசையவில்லை. இன்னொரு தரம் தொட்டேன். அவர் வயிறு, யாரோ நாற்காலியை இழுத்தது போல, நீளமாக ஒரு சத்தம் போட்டது.

ஒரு கண் மட்டும் திறந்தது.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?" உதடு அசையாமல் கேட்டார்.

"ஒரு கரண்டி."

"அது உனக்கு. சமைச்சவன் சாப்பிடணும்."

"மாமா..."

"அந்தப் பானையை இன்னைக்கே தேய்ச்சிடாதே. தண்ணி ஊத்தி ஊற வை, நாளைக்குத் தானா விடும்." கண் மூடிக்கொண்டது. "இப்பப் போயி, மாமா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறார்னு சொல்லு."

விட்ட இடத்திலிருந்து குறட்டை தொடர்ந்தது.

"என்னடா, மச்சான் எழுந்தாரா?" அப்பா திரும்பி என்னையேதான் கேட்டார். முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது. அவருக்குப் பின்னால் மீன் கரைந்து போய், சன்னல் முழுக்க வெறும் வெள்ளையாக இருந்தது.

மாமா சொல்லச் சொன்னது சின்ன விஷயம். சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு அழகாக முடிந்திருக்கும்.

"பாதிக் கறி கருகிப் போச்சுப்பா. மாமா தூங்கல" என்றேன்.

குறட்டை நின்றது.