சுத்தமென்று சான்று பெற்ற மண்

செங்கோடனின் மகள் மேகலையைப் பெண் பார்க்க வந்தவர்கள், வழக்கப்படி தோட்டத்தையும் பார்க்கக் கிளம்பினார்கள். மருந்து தின்றே வளர்ந்த கோழிகளின் எரு முப்பது வருடமாக விழுந்த மஞ்சள் காடு அது. அந்த மண்ணின் கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போனதால் காலில் ஒரு கீறல் பட்டாலும் எந்த மருந்தும் கேட்காது என்று, செங்கோடன் முழங்கால் வரை ஏறும் பூட்ஸை எடுத்து நீட்டினார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் குழந்தைவேலு சிரித்தார். மண் நல வாரியத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "இந்த மண்ணு சுத்தம்னு கையெழுத்துப் போட்டவனே நானுங்க. எம் பையன் வெறுங்காலோட நடப்பான்."

பையன் நடந்தான். பத்தாவது அடியில் முள் ஏறி ரத்தம் வந்தது. அவன் நொண்டிக்கொண்டு திரும்புவதற்குள் குழந்தைவேலு காரில் ஏறி, விரலளவு சந்து விட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"நாப்பது நாள் இங்கயே இருக்கட்டுங்க. தேறிட்டான்னா நிச்சயம் வெச்சுக்கலாம்."

"நீங்க சுத்தம்னு சொன்ன மண்ணுதானுங்களே?"

"அது ஆபீஸ் விஷயமுங்க. இது குடும்ப விஷயம்."

கார் போய்விட்டது. கல்யாணமும் அதோடு போயிற்றென்று நினைத்தார் செங்கோடன். மேகலை கையுறை மாட்டிக்கொண்டு, வெந்நீரோடு வந்து பையனின் காலருகே உட்கார்ந்தாள்.

"இவரை எனக்குப் பிடிச்சிருக்குங்கப்பா. மாமனார்தான் வேற கிடைக்குமான்னு பாருங்க."